மோட்டாரை மாத்தணுமா, காலைப் பாக்கணுமா?

1/
போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டிருந்தார். "டாக்டர், பாஸ் மீன் பிடிக்க படகு வாங்கியிருக்கேன். ட்ரோலிங் மோட்டாருக்கு கேபிள் ஸ்டீரிங் நல்லதா, எலெக்ட்ரிக் ஸ்டீரிங் நல்லதா?"

வழக்கமா எனக்கு சுகர், பிபி கேள்விதான் வரும். இதுக்கு நேர்மையா பதில் சொல்லணும்னா சுகரைப் பத்தியும் சொல்லியாகணும். நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

2/
புதுசா வந்தவங்களுக்கு: நான் டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கம் இன்டர்னல் மெடிசின் டாக்டர். பிறந்தது தூத்துக்குடி. லீவு கிடைச்சா லேக் ஃபோர்க் ஏரிக்குப் போயிடுவேன்.

1980-ல அணை கட்டி முடிச்ச ஏரி அது. ஏறக்குறைய 27,000 ஏக்கர். உள்ள இருந்த மரங்களை நிறைய இடத்துல வெட்டாமலே தண்ணியை நிரப்பிட்டாங்க. இன்னைக்கும் பட்ட மரங்கள் தண்ணிக்கு மேல நிக்குது. அந்த மரத்தடியிலதான் லார்ஜ்மௌத் பாஸ் பதுங்கும். டெக்சாஸ் மாநில சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில இங்கதான் மாட்டுச்சு.

3/
ட்ரோலிங் மோட்டார்னா என்ன? படகுக்குப் பின்னாடி பெரிய பெட்ரோல் இன்ஜின் இருக்கும். அது போய்ச் சேர்றதுக்கு. மீன் இருக்கிற இடத்துக்கு வந்ததும் அதை அணைச்சிட்டு, முன்பக்கம் ஒரு சின்ன பேட்டரி மோட்டாரை தண்ணியில இறக்குவோம். முன்பக்கத்தை எங்க ஊர் கடற்கரையில அணியம்னு சொல்லுவாங்க. சத்தமில்லாம, மரத்துக்கு மரம், அடி அடியா நகர்த்துறது இந்த மோட்டார்தான்.

ரெண்டு கையும் தூண்டில்ல இருக்கும். அதனால சுக்கான் பிடிக்கிற வேலை காலுக்கு வருது.

4/
கேபிள் ஸ்டீரிங்: கால் பெடல்ல இருந்து மோட்டார் தலை வரைக்கும் இரும்புக் கேபிள் போகும். முன்பாதத்தை அழுத்தினா வலது, குதிகாலை அழுத்தினா இடது. நடுவுல எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்ல. கால் அசைஞ்ச அதே நொடி மோட்டார் திரும்பும். பெடல் எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு பாதம் சொல்றதாலயே மோட்டார் எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரிஞ்சிடும். குனிஞ்சு பாக்க வேண்டாம்.

குறை: மோட்டார் ஓடுறவரைக்கும் கால் அங்கயே இருக்கணும். காலை எடுத்தா தலை தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கேபிளும் நாளாக நாளாகத் தேயும்.

5/
எலெக்ட்ரிக் ஸ்டீரிங்: பெடல் ஒரு சிக்னல் மட்டும் அனுப்பும், ஒயர் வழியா அல்லது ஒயர் இல்லாம. மோட்டார் தலையைத் திருப்புறது உள்ள இருக்கிற இன்னொரு குட்டி மோட்டார். காலை எடுத்தாலும் திசை மாறாது. கையில பிடிக்கிற ரிமோட்லயும் ஓட்டலாம்.

குறை: திரும்ப ஒரு கணம் தாமதமாகும். தலை எந்தப் பக்கம் இருக்குன்னு அதுல இருக்கிற அம்புக்குறியைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கணும்.

6/
இதுல ஜிபிஎஸ் சேர்ந்ததும் கதை மாறிப்போச்சு. ஒரு பட்டனை அழுத்தினா, காத்து தள்ளினாலும் மோட்டார் தானா திரும்பித் திரும்பி ஓடி அதே இடத்துல படகை நிறுத்தும். நங்கூரமே வேண்டாம். 2016-ல மின் கோட்டா கம்பெனி அல்ட்ரெக்ஸ்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. கேபிள் பெடலோட உணர்வு, பவர் ஸ்டீரிங், ஜிபிஎஸ் நங்கூரம் மூணும் ஒண்ணா. 2019-ல கார்மின் ஃபோர்ஸ் வந்தது. பெடலுக்கு ஒயரே இல்ல, ஆனா காலுக்குக் கேபிள் மாதிரியே இருக்கணும்னு செஞ்சது.

கவனிங்க. இவ்வளவு டெக்னாலஜி வந்த பிறகும் கம்பெனிக்காரங்க விடாம துரத்துறது அந்தக் "கால் உணர்வு" ஒண்ணைத்தான்.

7/
என்கிட்ட இருந்தது பழைய கேபிள். ஆறு வருஷம் ஓட்டினேன். ரிமோட் வெச்சு ஓட்டுறவங்களைப் பார்த்து மனசுக்குள்ள சிரிச்சவன் நான். "கால் இருக்கிறப்ப எதுக்கு ரிமோட்?"

8/
என்கூட எப்பவும் வர்றவர் ஒரு அண்ணன். கோவில்பட்டிக்காரர், ரிட்டயர்டு எலெக்ட்ரிகல் இன்ஜினியர். ரெண்டு வருஷம் முன்னாடி நவம்பர்ல ஒரு நாள், காத்து கொஞ்சம் அதிகம். நான் முன்னாடி நின்னு ஓட்டுறேன். ஒரே காலையில ரெண்டு தடவை படகை மரத்துல முட்டினேன். இடதுன்னு நினைச்சு அழுத்தினா படகு நேரா போகுது.

"அண்ணே, கேபிள் தளர்ந்துபோச்சு"ன்னேன்.

9/
அடுத்த வாரம் ரெண்டு பேருமா ஒரு சனிக்கிழமை முழுக்க உக்காந்து கேபிளை மாத்தினோம். திரும்பப் போனோம். அதே கதை. பெடல் எங்க இருக்குன்னே பிடிபடல. ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பாக்க வேண்டியிருக்கு.

அண்ணன் எழுந்து வந்து பெடல்ல காலை வெச்சார். நாலு மரத்தைச் சுத்தி அல்வா மாதிரி ஓட்டிக் காட்டினார்.

"தம்பி, பெடல் நல்லாத்தான்யா இருக்கு."

எனக்குக் கோவம் வந்தது. மோட்டாரே பழசு, புதுசு வாங்கிடலாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

10/
ராத்திரி வீட்டுக்கு வந்து வலது ஷூவைக் கழட்டினேன். உள்ள இருந்து ஏதோ தரையில விழுந்து உருண்டது. கால் அவுன்ஸ் தூண்டில் எடை, டங்ஸ்டன். கொண்டைக்கடலை சைஸ். ஷூவையும் தூண்டில் சாமானையும் ஒரே பையில போட்டு வெச்சது என் தப்பு.

சாக்ஸ்ல ஈரம். பெருவிரலுக்குக் கீழ, பாதத்துல ஒரு கொப்புளம் உடைஞ்சிருந்தது. காலை ஆறு மணியில இருந்து அது மேலதான் நின்னுட்டு இருந்திருக்கேன். எனக்குத் தெரியவே இல்ல.

11/
எனக்கு அப்ப பதினோரு வருஷமா சுகர். மெட்ஃபார்மின் மாத்திரை. "ஷூ போடுறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டுங்க, உள்ள கல்லு முள்ளு கிடக்கும்"னு தினமும் பத்து பேருக்குச் சொல்ற வாய் இது.

என் டாக்டர்கிட்ட நான் போறப்ப ஷூவைக் கழட்டினதே இல்ல. "காலை நானே பாத்துக்கறேன்"னு சொல்லிடுவேன். பாத்ததில்ல.

12/
சுகர்காரங்க காலைச் சோதிக்க மோனோஃபிலமென்ட்னு ஒண்ணு வெச்சிருப்போம். சின்னக் கைப்பிடியில ஒரு நைலான் நூல். தோல்ல வெச்சு அழுத்தினா சரியா 10 கிராம் விசையில வளையும். பார்த்தா தங்கூஸ் மாதிரியே இருக்கும். எங்க ஊர்ல தூண்டில் கயித்துக்கு பேரே நரம்பு. நரம்பை வெச்சு நரம்பைச் சோதிக்கிறோம், அவ்வளவுதான்.

அன்னைக்கு ராத்திரி பையில இருந்து அதை எடுத்து வீட்டம்மா கையில குடுத்தேன். "நான் கண்ணை மூடிக்கறேன். பெருவிரல், அதுக்குக் கீழ, நடுவுல, சுண்டுவிரல் பக்கம். அங்கங்க தொடு. தெரிஞ்சா சொல்றேன்."

13/
கண்ணை மூடிட்டுக் காத்திருந்தேன். ரொம்ப நேரமாச்சு.

"ஆரம்பிக்கலாம்ல?"ன்னு கேட்டேன்.

"என்னங்க... நாலு இடம் தொட்டாச்சுங்க."

வலது கால்ல நாலுல ஒண்ணு கூடத் தெரியல. இடது கால்ல ரெண்டு தெரிஞ்சது.

14/
இதுக்குப் பேர் டயாபடிக் நியூரோபதி. உடம்புலயே நீளமான நரம்பு கால் விரலுக்குப் போறது. அதான் முதல்ல அடிபடும். விரல்ல ஆரம்பிச்சு, சாக்ஸ் போடுற மாதிரி மேல ஏறும். நீண்ட நாள் சுகர் உள்ளவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வரும். அதுல நிறைய பேருக்கு எரிச்சல், வலி எதுவும் இருக்காது. சும்மா மரத்துப்போகும். வலிச்சா டாக்டர்கிட்ட வருவாங்க. மரத்துப்போனா யாரும் வர்றதில்ல.

வலி மட்டும் போறதில்ல. "என் பாதம் இப்ப எந்தக் கோணத்துல இருக்கு"ன்னு மூளைக்குப் போற தகவலும் குறையும். கேபிள் பெடலோட முழு பலமே அந்தத் தகவல்தான். நான் கேபிளைக் குறை சொல்லிட்டு இருந்தேன். தளர்ந்தது வேற கேபிள்.

15/
மூணு வாரம் படகு கிடையாது. பாத டாக்டர் பார்த்தார். புண் ஆறிடுச்சு. ரத்தத்துல பி12 பார்த்தோம், குறைவா இருந்தது. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டா பி12 குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும். அதுக்கு மாத்திரை. சுகரையும் இறக்கினேன். மேல போகாம நின்னிருக்கு. போன உணர்வு பெருசா திரும்பல.

அதுக்கப்புறம்தான் மோட்டார் கேள்விக்கே வந்தேன்.

16/
யோசிச்சது இதெல்லாம்.

முதல்ல பலம். முழு லோடோட படகு எவ்வளவு எடையோ, 100 பவுண்டுக்கு 2 பவுண்டு த்ரஸ்ட் குறைஞ்சபட்சம். என் படகு ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 2,500 பவுண்டு. 50 போதும்னு கணக்கு சொல்லும். காத்துல போதாது. 24 வோல்ட்ல 80 பவுண்டு எடுத்தேன்.

பேட்டரி: ஈய பேட்டரி பெருசு ஒண்ணே 60 பவுண்டு கிட்ட வரும். லித்தியம் அதுல பாதிதான். விலை ஜாஸ்தி. முதுகு வலி உள்ளவங்க யோசிக்கலாம்.

17/
அடுத்து, நிக்கிறது. வலது கால் பெடல் மேல, உடம்பு எடை மொத்தமும் இடது கால்ல. எட்டு மணி நேரம். நல்ல காலுக்கே இடுப்பு பிடிச்சுக்கும். மரத்த காலுக்கு இது தண்ணிக்குள்ள விழுற வழி. பெடலைத் தரையோட மட்டமா பதிக்கக் குழி வெட்டலாம், சாய்ஞ்சு உக்கார ஒரு கம்பி சீட் போடலாம். கேபிளே வேணும்னு நிக்கிறவங்க இதையாவது செய்யுங்க.

18/
அப்புறம் பாதுகாப்பு. கேபிள்ல பெரும்பாலும் பட்டன்ல இருந்து கால் எடுத்தா மோட்டார் நிக்கும். எலெக்ட்ரிக்ல "ஓடிட்டே இரு"ன்னு விட்டுட்டு நாம தவறி விழுந்தா, படகு நம்மளை விட்டுட்டுப் போயிடும். பெரிய இன்ஜினுக்கு கில் ஸ்விட்ச் மாட்டிக்கணும்னு 2021 ஏப்ரல்ல இருந்து இங்க ஃபெடரல் சட்டமே இருக்கு. சின்ன மோட்டார் ஓடுறப்ப அந்த ஸ்விட்ச் உதவாது. லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க.

19/
நான் எடுத்தது எலெக்ட்ரிக் ஸ்டீரிங், ஜிபிஎஸ் நங்கூரத்தோட. ரிமோட் கழுத்துல தொங்குது. சீட்ல உக்காந்துதான் பிடிக்கிறேன். கேபிள் மோட்டார் விலைக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு.

உண்மையைச் சொல்றேன், பழைய சுகம் இல்ல. தூண்டிலை வீசணும், ஒரு கையை எடுத்து ரிமோட்டை அழுத்தணும், திரும்ப தூண்டிலைப் பிடிக்கணும். அந்த ஒரு நொடியில கடிச்ச மீனைத் தவற விட்டிருக்கேன். மரக்கூட்டத்துக்கு உள்ள நுழையறப்ப அண்ணன்தான் ஓட்டுறார். அதை ஒத்துக்க எனக்கு ஒரு சீசன் ஆச்சு.

முதல் நாள் ரிமோட்டைப் பார்த்துட்டு அண்ணன் கேட்டார்: "தம்பி, இது கிழவனுக்குன்னு சொன்னீங்களே?"

"ஆமாண்ணே. கால் மட்டும் கிழவனாயிடுச்சு."

20/
சரி, கேட்ட தம்பிக்குப் பதில்.

கால் நல்லா இருக்கா, அடர்ந்த மரம், புல்லுக்குள்ள மீன் பிடிக்கிறீங்களா, பட்ஜெட் கம்மியா: கேபிள். எளிமையானது, ரிப்பேரும் நாமளே பண்ணலாம்.

காசு இருக்கு, ரெண்டும் வேணும்: கேபிள் உணர்வோட ஜிபிஎஸ் சேர்ந்த மாடல்.

திறந்த தண்ணி, ஒரே இடத்துல நின்னு பிடிக்கிறது, அல்லது கால், முட்டி, இடுப்பு பிரச்சனை: எலெக்ட்ரிக், ரிமோட்டோட.

எந்த மருந்து நல்லதுன்னு கேட்டா "யாருக்கு?"ன்னு திருப்பிக் கேப்போம்ல. இதுவும் அப்படித்தான்.

21/
ஒரு வேண்டுகோள். கடைக்குப் போறதுக்கு முன்னாடி சாக்ஸைக் கழட்டி காலைப் பாருங்க. மீன் பிடிக்காதவங்களும்தான். டைப் 2 சுகர்னா, கண்டுபிடிச்ச அன்னைக்கே ஒரு தடவை, அப்புறம் வருஷம் ஒரு தடவை நரம்புச் சோதனை பண்ணணும். ரெண்டு நிமிஷ வேலை. டாக்டர் மறந்தா நீங்களே ஷூவைக் கழட்டிட்டு உக்காருங்க. பார்த்தே ஆகணும் அவர்.

பிரேக் சரியா பிடிபடல, செருப்பு கழண்டு விழுந்தது தெரியல, இருட்டுல நடந்தா தள்ளாடுது. இதுல ஏதாவது இருந்தா காரையும் செருப்பையும் குறை சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து காட்டுங்க.

22/
நான் இப்ப ஷூவைத் தட்டாம போடுறதில்ல. ஏரிக்கரையில நான் ஷூவைக் கவுத்துத் தட்டுறப்ப அண்ணனும் அவரோடதைத் தட்டுறார். அவருக்கு சுகர் கிடையாது. "ஒண்ணும் விழலையே தம்பி"ங்கிறார் ஒவ்வொரு தடவையும்.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க, மோட்டாரோ காலோ.