வன்னி வீதியில் சைக்கிளுக்கும் ஓர் உரிமை உண்டு



வவுனியா நகரிலிருந்து வடக்கே புறப்படும் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வலப்பக்கம் அமர்ந்தால் எதிரே விரைந்து வரும் வாகனங்கள்தாம் தெரியும். இடப்பக்கம் அமர்ந்தால் வீதியின் ஓரம் தெரியும். வன்னி மக்களின் வாழ்க்கை அந்த ஓரத்தில்தான் நடக்கிறது. விறகுக்கட்டு ஏற்றிய சைக்கிள், மீன் பெட்டி கட்டிய சைக்கிள், பிள்ளையைப் பாரில் இருத்தி மனைவியைக் கரியரில் ஏற்றி வரும் கூலித் தொழிலாளியின் சைக்கிள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

காலை ஏழு மணியளவிலும், பாடசாலை விடும் ஒன்றரை மணிக்குப் பின்னரும் அந்த ஓரம் வெண்மையாகிவிடும். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உழக்கி வருவார்கள். இருவர் மூவராகச் சேர்ந்து, கதைத்துச் சிரித்து, ஒருவர் தோளில் மற்றவர் கைபோட்டு வரும் காட்சி கண்ணுக்கு இனிமையானது. ஆனால் அவர்களின் முழங்கையை உரசுவதுபோல ஒரு மோட்டார் சைக்கிள் சீறிப் பாயும்போது, பார்ப்பவர் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கணத்தைப் பற்றியது.

சைக்கிள் சுமந்த நாடு

இன்று வன்னியில் சைக்கிள் ஓட்டுபவரை ஏழை என்றும் வழிமறிப்பவர் என்றும் எண்ணுவோர், இந்த மண்ணின் அண்மைக்கால வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது ஏ-9 வீதி அடைபட்டது. பொருளாதாரத் தடையால் பெற்றோல், பற்றரி போன்றவை வன்னிக்குள் வருவது நின்றது. ஓடிய சில மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நெல் மூட்டையும் அதில்தான், நோயாளியும் அதில்தான். இடம்பெயர்ந்த குடும்பத்தின் பாயும் பானையும் அதில்தான். பற்றரி இல்லாத வீடுகளில் சைக்கிளை நிறுத்தி வைத்து உழக்கி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். டைனமோவின் அருமையை வன்னியின் முதியவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

அதே 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும், கிளிநொச்சியின் நாச்சிக்குடா மக்களும் அவர்களுள் அடங்குவர். வீட்டோடும் வயலோடும் சைக்கிளையும் இழந்தவர்கள் பலர். போர் முடிந்தபின் மெல்ல மெல்லத் திரும்பி வந்தவர்கள், இன்று அயலவரான தமிழ் மக்களோடு அதே வீதியில், அதே ஓரத்தில் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

2002 போர்நிறுத்தத்தின்போது வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, மக்கள் கைவிட்டுச் சென்ற சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் முல்லைத்தீவுக் கரையோரம் துருப்பிடித்து மலைபோலக் குவிந்து கிடந்தன. பல ஆண்டுகளாக அவை அங்கேயே கிடந்தன. அந்தக் குவியலில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பேதமின்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

மீள்குடியேறிய மக்களுக்கு முதலில் கிடைத்த உதவிகளில் சைக்கிளும் ஒன்று. இந்திய அரசு மட்டுமே 10,000 சைக்கிள்களை வடக்கு மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கியது. பாடசாலைக்கும் வயலுக்கும் மீண்டும் போகத் தொடங்கியது அந்தச் சில்லுகளின் மீதுதான்.

வீதி அகன்றது, மனம் ஒடுங்கியது

போருக்குப் பின் ஏ-9 வீதி புதிதாக அமைக்கப்பட்டது. குண்டும் குழியுமாகக் கிடந்த பாதை கண்ணாடிபோல ஆனது. வீதியோரம் லீசிங் நிறுவனங்கள் கிளை திறந்தன. சிறிய முற்பணத்தோடு மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலுக்கு வந்தது. பல கிலோமீற்றர் தூரம் வெயிலில் உழக்கியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் அது உதவுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. குழி நிறைந்த வீதியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனார்கள். கண்ணாடி வீதியில் ஒருவர் 15 கிலோமீற்றர் வேகத்திலும் மற்றவர் 60 கிலோமீற்றர் வேகத்திலும் போகிறார்கள். நேற்றுவரை சைக்கிள் உழக்கியவர் இன்று எஞ்சின் மேல் அமர்ந்ததும், முன்னே செல்லும் சைக்கிளை வழியில் கிடக்கும் தடையாகக் காண்கிறார். ஹோர்ன் அடித்தால் அது 'நான் வருகிறேன்' என்ற அறிவிப்பாக இருக்க வேண்டும். 'நீ இறங்கு' என்ற கட்டளையாக அது மாறிவிட்டது.

முல்லைத்தீவுக்கு அருகே வட்டுவாகல் பாலம் இருக்கிறது. நந்திக்கடலின் குறுக்கே தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் அமைந்த பழைய பாலம் அது. புதிய பாலத்துக்கான வேலை 2025 இல்தான் தொடங்கியது. பழைய பாலத்தில் இரு வாகனங்கள் எதிரெதிரே விலக இடமில்லை. ஆகவே ஒருவர் மறுகரையில் காத்து நிற்க, மற்றவர் கடந்து வருவார். இடம் குறைந்த இடத்தில் பொறுமை காட்டும் நாம், இடம் நிறைந்த இடத்தில் அதை இழந்துவிடுவது விந்தை அல்லவா?

முறிகண்டியையும் பாருங்கள். அங்குள்ள பிள்ளையார் கோவிலடியில் வாகனங்கள் நின்று போவது நெடுநாளைய வழக்கம். எத்தனை அவசரமானாலும் சாரதி நிறுத்துவார். எந்தச் சமயத்துப் பயணியும் முணுமுணுப்பதில்லை. இறங்கி, கச்சான் வாங்கிக் கொறித்து, மீண்டும் ஏறுவார்கள். நிற்கத் தெரியாத மக்கள் அல்லர் நாம். ஒரு பிள்ளைக்காக வேகத்தைக் குறைக்க மட்டும் ஏன் தயங்குகிறோம்?

கூட்டமாகச் சென்றால் ஏன் விழுகிறார்கள்?

கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுவோர் விழுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் இதை விளங்கிக்கொள்வது நல்லது.

சைக்கிள் நிமிர்ந்து நிற்பது முன்சில்லின் சிறு சிறு திருப்பங்களால்தான். முன்னே போகிறவரின் பின்சில்லில் பின்னே வருபவரின் முன்சில்லு உரசிவிட்டால், பின்னே வருபவரால் அந்தத் திருப்பத்தைச் செய்ய முடியாது. அவர்தான் விழுவார். முன்னே சென்றவர் பெரும்பாலும் ஒன்றும் அறியாமல் போய்விடுவார். விழுந்தவர் மேல் மூன்றாமவர், அவர் மேல் நான்காமவர் என்று சங்கிலிபோலத் தொடரும்.

பயிற்சி பெற்ற வீரர்களுக்கே இது நேர்கிறது. 2021 ஜூன் மாதம் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சைக்கிளோட்டப் போட்டியின் முதல் நாளில், வீதியோரம் நின்ற ஒரு பார்வையாளர் நீட்டிய அட்டைப் பலகையில் ஒரு வீரர் மோதினார். அவர் விழுந்ததும் பின்னால் வந்த கூட்டமே வீதி நிரம்பச் சரிந்தது. உலகின் தலைசிறந்த வீரர்களின் கதி இதுவென்றால், முதுகில் புத்தகப் பையோடு வரும் பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

இனி மோட்டார் சைக்கிளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காதருகே திடீரென ஹோர்ன் ஒலித்தால் பிள்ளை இயல்பாகவே வலப்பக்கம் திரும்பிப் பார்க்கும். தலை திரும்பும் பக்கமே ஹாண்டிலும் திரும்பும். அதாவது, எச்சரிப்பதற்காக எழுப்பிய ஒலியே பிள்ளையை வாகனத்தின் பாதைக்குள் இழுத்துவிடுகிறது. 60 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடுவார். அவர் கண்டு, உணர்ந்து, பிறேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வேகம் இரு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும். 15 இலிருந்து 60 ஆனால் பதினாறு மடங்கு!

வன்னி வீதிக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. தார் முடியும் விளிம்பில் வீதி ஓர் அங்குலம் இரண்டங்குலம் தாழ்ந்து கிரவலில் இறங்கும். ஒதுங்கப்போன சைக்கிள் அங்கே வழுக்கும். சோளகக் காலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று சைக்கிளைத் தள்ளும். பெரிய பஸ் கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்று, மறுகணம் இழுக்கும். காலபோக அறுவடை முடிந்ததும் வீதியோரத்தில் நெல் காயப் போடுவார்கள். சைக்கிள்காரர் நடுவீதிக்கு வராமல் வேறு வழியில்லை. இரவில் தார்ச்சூட்டுக்கு மாடுகள் வீதியில் படுத்திருக்கும்.

குறை ஒரு பக்கம் மட்டுமல்ல

நீதி பேச வந்தால் இருபக்கமும் பேச வேண்டும். விளக்கில்லாமல் இருட்டில் வரும் சைக்கிள்கள் ஏராளம். அன்று வானொலி கேட்க உதவிய டைனமோ இன்றைய சைக்கிள்கள் பலவற்றில் இல்லை. கை காட்டாமல் சடாரெனக் குறுக்கே திரும்புவோர், ஒரு கையில் குடையும் மறு கையில் ஹாண்டிலுமாக வருவோர், தவறான பக்கத்தில் எதிரே வருவோர் எல்லோரும் உண்டு. மோட்டார் சைக்கிள்காரரும் பாதுகாப்பானவர் அல்லர். அவர் சைக்கிளை ஒதுக்குவதுபோலவே பஸ்ஸும் லொறியும் அவரை ஒதுக்குகின்றன. பெரியது சிறியதை நெருக்கும் வரிசையில் அவர் நடுவில் நிற்கிறார். இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் 2000 பேருக்கு மேல் மடிகிறார்கள். உலக அளவில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுமே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இருவரும் ஒரே பட்டியலில் இருப்பவர்கள்.

2022 இல் நாட்டில் எரிபொருள் தீர்ந்தபோது என்ன நடந்தது? மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நின்றன, பின்னர் வீட்டில் நின்றன. சைக்கிள் விலை ஏறியது. கொழும்பில் அலுவலகம் செல்வோரும் சைக்கிளைத் தேடினார்கள். வன்னி மக்களோ கொட்டிலில் கிடந்த பழைய சைக்கிளுக்கு ரியூப் மாற்றி, எண்ணெய் விட்டு மீண்டும் உழக்கினார்கள். எஞ்சின் தரும் உயர்வு ஒரு போத்தல் பெற்றோலில் தங்கியிருக்கிறது என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் கற்பித்தது.

இன்று சைக்கிளுக்குப் பெயர்போன ஒல்லாந்து நாடும் ஒரு காலத்தில் இப்படித்தான் தடுமாறியது. 1971 ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 3000 பேருக்கு மேல் வீதியில் இறந்தார்கள். அவர்களுள் 400க்கும் அதிகமானோர் சிறுவர்கள். பெற்றோர் வீதியில் இறங்கிக் குரல் எழுப்பினார்கள். 1973 இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அரசு மனம் மாறி, சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் அமைத்தது. வானத்திலிருந்து இறங்கிய வரமல்ல அது, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் பிடிவாதம்.

நாம் செய்யக்கூடியவை

மோட்டார் சைக்கிள் ஓட்டும் சகோதரரே, பிள்ளைகளைக் கண்டால் தூரத்திலேயே ஒருமுறை மெல்ல ஹோர்ன் அடியுங்கள். காதருகே அடிக்காதீர்கள். கடக்கும்போது ஒன்றரை மீற்றர் இடைவெளி விடுங்கள். ஸ்பெயின் நாட்டில் அது சட்டமாகவே இருக்கிறது. எதிரே பஸ் வந்தால் பின்னால் பொறுத்திருங்கள். நீங்கள் இழப்பது பத்து வினாடி.

பெற்றோரே, பெருவீதியில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லப் பழக்குங்கள். இரண்டு சைக்கிளுக்கு இடையே ஒரு சைக்கிள் நீளம் இருக்கட்டும். முன்னே செல்லும் பிள்ளை சடுதியாகப் பிறேக் பிடிக்காமல் குரல் கொடுக்கட்டும். மூத்த பிள்ளை ஒருவர் கடைசியில் வரட்டும். மட்காட்டில் ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டுங்கள். கதை பேசுவதை உள்வீதிக்கு வந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று அன்பாகச் சொல்லுங்கள்.

பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோவில்களும் தேவாலயங்களும் ஒன்றுகூடி வீதி அதிகாரிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. தார் விளிம்பைச் சமன்படுத்தி, பாடசாலைகள் உள்ள இடங்களிலாவது சைக்கிளுக்கென ஓரத்தைத் தந்தால் போதும். பெரும் செலவு கேட்கும் காரியமல்ல இது.

வாகனத்தில் செல்பவரே நடந்து செல்பவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுங்கு. உயரத்தில் இருப்பவர் முதலில் பணிய வேண்டும் என்பதே அதன் உட்பொருள் என அறிஞர்கள் விளக்குவர். வீதிக்குரிய உரிமைகளுள் பிறருக்குத் துன்பம் தராதிருப்பதையும் அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். அன்று குதிரையிலும் ஒட்டகத்திலும் சென்றவருக்குப் பொருந்தியது, இன்று எஞ்சினில் செல்பவருக்குப் பொருந்தாமல் போகுமா?

பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு வீதியில் திரும்பினால், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர்கள் தொடரும். போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகள் அங்கே சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறார்கள். குண்டுக்கும் பசிக்கும் தப்பிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். வாசகரே, அடுத்த முறை நீங்கள் அவர்களைக் கடக்கும்போது வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். மாலையில் அந்தப் பிள்ளை வீடு சேர்வதற்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.