நூறு சதவீதம்

"நூறு வந்துருது தம்பி. அதுக்கப்புறந்தான் போயிருது."

இதை அவர் என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு தடவை ஃபோனில், ரெண்டு தடவை வாட்ஸ்அப் குரல் செய்தியில். மூன்று தடவையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "உங்க நெட் ஸ்லோ சார்."

சர்வர் பார்க்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் நாக்கு நுனியிலேயே இருக்கும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்துவிடும், அதுதான் கெட்ட பழக்கமாகிறது. நான் இருப்பது சென்னையில், அலுவலகத்தில் ஃபைபர் இணைப்பு. அவர் இருப்பது தெற்கே ஒரு சின்ன ஊரில். யார் பக்கம் கோளாறு என்று யோசிக்கவே வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

நாங்கள் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கிறோம். 'எழுத்து' 1959, 'கசடதபற' 1970 என்று பெயராவது எல்லோருக்கும் தெரிந்தவை இல்லை இவை. ரெண்டு இதழ், மூணு இதழ் வந்து கைக்காசு தீர்ந்து நின்றுபோனவை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கோவில்பட்டி, நாகர்கோவில், சேலம் முகவரிகள் பின்னட்டையில் இருக்கும். சர்வர் வாடகையைப் பங்கு போட்டுக் கட்டுகிறோம். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 4 ஜிபி ரேம், ரெண்டு கோர், சிஸ்டத்துக்கு 30 ஜிபியில் ஒரு சின்ன டிஸ்க், இதழ்களுக்கு ஒரு டெராபைட்டில் பெரிய டிஸ்க். அவ்வளவுதான்.

அவர் ஆர்எம்எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிப்பில், வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எழுபதைத் தாண்டிவிட்டார். இறந்துபோன நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இதழ்கள் இருந்தன. மகன் வீட்டை விற்கப் போகிறார், மாசக் கடைசி வரைக்கும் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இவர் தன் காசில் ஸ்கேனர் வாங்கி, பத்துப் பத்தாக எடுத்து வந்து, ஸ்கேன் செய்து அனுப்ப ஆரம்பித்தார். மடிக்கணினி பேத்தியுடையது. பகலில் அவள் படிப்புக்கு, இரவிலும் விடிகாலையிலும் தாத்தாவுக்கு.

400 டிபிஐ, வண்ணம், டிஃப் ஃபார்மட் என்று நாங்கள்தான் விதி வைத்திருந்தோம். அந்தக் கணக்கில் நோட்டுப் புத்தக அளவுள்ள ஒரு பக்கம் 23 எம்பி வரும். 32 பக்க இதழ் ஒன்று 700 எம்பியைத் தாண்டும். அவருக்கு ஏற்றும் வேகம் நொடிக்கு ஒரு மெகாபிட். பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்ளாமல் கணக்குப் போட்டால் 5600 நொடி, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்குப் பொத்தானை அமுக்குவார். வீட்டில் யாரும் யூடியூப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பத்தரைக்குக் கோடு நிறையும். நூறு. பிறகு வட்டம் சுற்றும். பிறகு வெள்ளைத் திரையில் 502.

இணையம் கொடுப்பவர்களை மனதில் வைத்துக் கட்டப்படவில்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பழைய தொலைபேசிக் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் இணைப்பின் முதல் எழுத்துக்கே 'சமமில்லாத' என்று அர்த்தம்: இறங்கும் வழி அகலம், ஏறும் வழி ஒடுக்கம். வலைப் பக்கத்திலிருந்து கோப்பை அனுப்புவதற்கான முறையே பின்னால் சேர்த்ததுதான், 1995 நவம்பரில், ஆர்எஃப்சி 1867 என்ற குறிப்பில். ஒரு கோப்பை இறக்கும்போது பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர, 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 விதியிலேயே வழி இருக்கிறது. ஏற்றும்போது அறுந்தால் அந்த மாதிரி வழி அதில் இல்லை, மறுபடி முதலிலிருந்துதான். ஒன்றரை மணி நேரம் மறுபடி.

அவர் மறுபடி மறுபடி அனுப்பினார். நான் சோதித்துப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். அலுவலகத்திலிருந்து 5 எம்பி பிடிஎஃப் ஒன்றை ஏற்றினேன். ரெண்டு நொடியில் போனது. "இங்க நல்லாத்தான் போகுது சார்" என்று சொன்னேன். அவர் பிளானை மாற்றினார், மாசம் கூடுதலாக முந்நூறு ரூபாய். வேகம் பெரிதாக மாறவில்லை. நூறு வந்தது, அதற்கப்புறம் போனது.

ஒரு நாள் சொன்னார்: "விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போட்டேன் தம்பி. போயிட்டு."

"அந்நேரம் டிராஃபிக் கம்மியா இருக்கும் சார், அதான்."

இப்போது யோசித்தால், அந்த விளக்கம் எவ்வளவு கச்சிதமாக இருந்தது என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் அலுவலகத்தில் ஏதோ ரிலீஸ் அழுத்தத்தில் இருந்தேன். "சார், ஒண்ணு பண்ணுங்க. 150 டிபிஐ வச்சு, ஜேபெக்ல ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. படிக்கறதுக்கு அது போதும்" என்றேன். 400-இலிருந்து 150-க்கு இறங்கினால் புள்ளிகள் ஏழில் ஒரு பங்காகிவிடும். அது எனக்குத் தெரியும். அவர் மறுபேச்சு இல்லாமல், பதினோரு இதழ்களை முதல் பக்கத்திலிருந்து திரும்ப ஸ்கேன் செய்தார். மடிக்கணினியில் இடம் இல்லை என்று பழைய டிஃப் கோப்புகளை அழித்தார். பதினொன்றும் ஒரே ராத்திரியில் ஏறின. "தம்பி சொன்னது சரியாப் போச்சு" என்று ஒரு குரல் செய்தி.

ரெண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தளமே நின்றுபோனது. உள்ளே போய் 'டாப்' கட்டளை போட்டுப் பார்த்தால் லோடு ஆவரேஜ் 14. ரெண்டு கோர் மெஷினில் 14 என்றால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். ஆனால் பக்கத்திலேயே சிபியு சும்மா இருக்கிறது, கணக்குப் போடும் வேலை எதுவும் நடக்கவில்லை. லினக்ஸில் இதற்கு ஒரு காரணம் உண்டு. சிபியுவுக்காக வரிசையில் நிற்பவர்களோடு, டிஸ்க் பதில் சொல்லட்டும் என்று உறைந்து நிற்பவர்களையும் அது லோடில் சேர்த்து எண்ணும். 1993-இல் ஒரு சின்ன மாற்றமாக உள்ளே வந்த பழக்கம் அது. அப்படி உறைந்து நிற்கும் ப்ராசஸ்களுக்கு நேராக 'டி' என்ற எழுத்து இருக்கும். 'கில் மைனஸ் 9' போட்டாலும் அவை உடனே சாகாது. டிஸ்க் கைவிட்டால்தான் சாவுகூட வரும்.

நான் அதுவரை பார்த்தது சிபியுவையும் ரேமையும் நெட்வொர்க்கையும் மட்டும். டிஸ்க்கைப் பார்த்ததே இல்லை.

பார்த்தபோது ஒரு கோப்பு எங்கள் வீட்டுக்குள் எப்படி அலைகிறது என்பது தெரிந்தது. வாசலில் என்ஜின்எக்ஸ். வெளியிலிருந்து வருவதை, எவ்வளவு மெதுவாக வந்தாலும் பொறுமையாக வாங்கி, முழுசாக வரும்வரை சின்ன டிஸ்க்கில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதிவைக்கும். முழுசாக வந்த பிறகு உள்ளே இருக்கும் ஜாங்கோவுக்குக் கொடுக்கும். ஜாங்கோ அதை மறுபடி அதே சின்ன டிஸ்க்கில், டெம்ப் ஃபோல்டரில், இன்னொரு தற்காலிகக் கோப்பாக எழுதும். பிறகு அதைப் பெரிய டிஸ்க்குக்கு 'நகர்த்தும்'. ஒரே டிஸ்க்குக்குள் நகர்த்துவது என்றால் பெயர் மாற்றம் மட்டும்தான், 700 எம்பியாக இருந்தாலும் கண் சிமிட்டும் நேரம். வேறு டிஸ்க் என்றால் ஒவ்வொரு பைட்டையும் படித்து எழுத வேண்டும். ஆக மூன்று தடவை எழுத்து. அதன்மேல் கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்க, முழுவதையும் ஒரு தடவை படிக்கும்படி நான் எழுதி வைத்திருந்த நிரல். அதற்கு நான் 'செக்யூரிட்டி' என்று கமெண்ட் வேறு போட்டிருந்தேன்.

ஜாங்கோவை நடத்துவது குனிகார்ன் என்கிற மேஸ்திரி. தன் கீழ் வேலை பார்க்கும் ஆள் 30 நொடி சத்தம் காட்டாமல் இருந்தால், செத்துவிட்டான் என்று முடிவு கட்டிக் கொன்றுவிட்டு, புது ஆளைப் போடும். இந்த 30 யாரும் மாற்றாவிட்டால் தானாக இருக்கும் அளவு. என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிக்கும் கோப்பு அளவு 1 எம்பிதான், அதை மட்டும் முதல் நாளே ஞாபகமாக 2 ஜிபி ஆக்கியிருந்தேன். வாசல் அகலமாகத் திறந்திருந்தது. கூடத்தில்தான் ஆளைக் கொன்றுகொண்டிருந்தோம்.

அப்போதுதான் நூறு என்றால் என்ன என்று உறைத்தது. பிரவுசரில் பச்சைக் கோடு நிறைவது, கடைசி பைட்டையும் அந்தப் பக்கத்தவர் அனுப்பி முடித்துவிட்டார் என்பதற்கு. நூறுக்கு முன்னால் அறுந்தால் வழியில் கோளாறு என்று சொல்லலாம். நூறுக்கு அப்புறம் நடப்பது முழுக்க எங்கள் வீட்டுக்குள் நடப்பது. அவர் அதை மூன்று தடவை, தெளிவான தமிழில் சொல்லியிருந்தார்.

லாகில் 'வொர்க்கர் டைம்அவுட்' என்ற வரிகள் வரிசையாக இருந்தன, தேதியும் நேரமுமாக. அவருக்கு ஃபோன் செய்து, "சார், அந்த நேரம் எந்தெந்த நாள் அனுப்பினீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட நோட்டுப் பக்கம். தேதி, இதழ், ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், குறிப்பு. ஓடுகிற ரயிலில் தபால் பை எண்ணி ஒப்படைத்த கை. குறிப்புக் கட்டத்தில் '100 – போச்சு', '100 – போச்சு' என்று கீழே கீழே. மூன்று இடத்தில் மட்டும் '100 – ஆச்சு'. அந்த மூன்றும் விடிகாலை.

என் லாகும் அவர் நோட்டும் வரிக்கு வரி ஒத்துப்போயின, ஒரு நிமிஷம் முன்னே பின்னே. போனவை எல்லாம் இரவு பத்தரைக்குப் பிறகு. பத்தரைக்கு என்ன? பத்தரைக்கு எங்கள் பேக்கப் ஓடும். ராத்திரி யாரும் இருக்க மாட்டார்கள் என்று நான்தான் அந்த நேரத்தை வைத்தேன். அவர் ஒன்பது மணிக்கு அனுப்ப ஆரம்பித்த கோப்பு வந்து சேரும் நிமிஷத்தில், டிஸ்க் முழுவதையும் பேக்கப் பிடித்து வைத்திருக்கும். விடிகாலையில் இருபது சொச்சம் நொடியில் முடிகிற வேலை, அப்போது முப்பதைத் தாண்டிவிடும்.

சரி செய்ய ஒரு மதியம்தான் ஆனது. தற்காலிகக் கோப்புகள் விழும் இடங்களைப் பெரிய டிஸ்க்குக்கே மாற்றினேன், நகர்த்துவது பெயர் மாற்றமாகிவிட்டது. சரிபார்க்கும் வேலையைத் தனி வரிசைக்குத் தள்ளினேன், அனுப்பியவர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பேக்கப்பை மதியம் மூன்று மணிக்கு மாற்றினேன். அடுத்த வாரம் 'டஸ்' என்கிற நெறிமுறையைச் சேர்த்தேன், அது கோப்பை 5 எம்பி துண்டுகளாக வாங்கும், அறுந்தால் விட்ட துண்டிலிருந்து தொடரும். 30-ஐ 300 ஆக்கினால் போதும் என்று ஒரு நண்பன் சொன்னான். போதும்தான். ஆனால் எனக்கு அந்த எண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த ஞாயிறன்று சின்ன டிஸ்க்கின் டெம்ப் ஃபோல்டரில் ஒரு கோப்பு கிடந்தது. ஜாங்கோ தன் தற்காலிகக் கோப்புகளுக்கு 'டாட் அப்லோட்' என்று ஒரு வால் வைக்கும். இப்படிக் கோப்புகள் கிடப்பது எனக்குப் புதிதில்லை. சின்ன டிஸ்க் நிறைந்துவிடுகிறது என்று எச்சரிக்கை வரும்போதெல்லாம் உள்ளே போய், அந்த வால் உள்ள எல்லாவற்றையும் ஒரே வரியில் அழித்துவிடுவேன். அரைகுறையாக வந்து அறுந்தவை என்பது என் எண்ணம். பெரும்பாலும் சனிக்கிழமை காலையில், காபி குடித்துக்கொண்டே.

இந்தத் தடவை அழிப்பதற்கு முன் அளவைப் பார்த்தேன். சேலத்து நண்பர் ஒருவர் முந்தின இரவு அனுப்பித் தோற்ற இதழ் அது. 690 எம்பி. திறந்து பார்த்தேன். அட்டை முதல் பின்னட்டை வரை ஒரு பக்கம் குறையாமல் இருந்தது. பெரிய டிஸ்க்குக்கு நகர்த்துகிற நேரத்தில்தான் ஆள் கொல்லப்பட்டிருக்கிறான். திடீரென்று செத்தவன் தன் மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போவதில்லை.

என் கட்டளை வரலாற்றில் அந்த அழிக்கும் வரியைத் தேடினேன். ஐந்து தடவை இருந்தது.

பதினோரு இதழ்களும் இப்போது எங்கள் தளத்தில் 150 டிபிஐயில் இருக்கின்றன. படிக்கலாம். ஒன்றில், ஒரு கவிதையின் ஓரத்தில், அந்த இறந்துபோன நண்பர் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறார், நாலு வரி. பெரிதாக்கினால் சாம்பல் நிறச் சதுரங்கள் வருகின்றன. மூல இதழ்களைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "வீடு கைமாறியாச்சு தம்பி. பெட்டியோட கடைக்குப் போட்டுட்டாங்களாம். அதனாலென்ன, நம்மகிட்டத்தான் இருக்கே" என்றார்.

கோளாறு எங்கள் பக்கம்தான் என்பதை அவரிடம் சொன்னேன். பேக்கப், பத்தரை மணி, முப்பது நொடி எல்லாம். ஒரே பையை மூணு தடவை இறக்கி ஏற்றியிருக்கிறோம் சார் என்றதும் சிரித்தார். பிளானைப் பழையபடி மாற்றிக்கொள்ளச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்போ அந்த நூறு வந்ததெல்லாம் அங்க வந்து சேந்துட்டுதானே தம்பி? எங்க டிபார்ட்மென்ட்ல கொடுக்க முடியாத தபாலுக்குன்னே ரிட்டர்ன் லெட்டர் ஆபீஸ்னு ஒண்ணு உண்டு. எங்கயாச்சும் கிடக்கணும்லா?"

"இல்ல சார்" என்றேன். "அதெல்லாம் தானா அழிஞ்சிரும்."

"தானா அழிஞ்சிருமோ" என்று மெதுவாகத் திரும்பச் சொன்னார். நோட்டில் எழுதிக்கொள்கிறார் போல இருந்தது.