அலாரம், ரிமோட் ஸ்டார்ட்: ஒரகடம் குறிப்புகள்

ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் ஒன்று இருக்கிறது. பெயர் ஜி.ஏ.ஆர்.சி. வெளி ரேடியோ அலை புகாத அறையில் வண்டியை நிறுத்தி, அதன் எலக்ட்ரானிக்ஸ் எதற்காவது தடுமாறுகிறதா என்று பார்க்கிறார்கள். அப்படியான சோதனைகளில் தேறிய வண்டியைத்தான் சென்னை ஜி.பி. ரோட்டு ஆக்ஸசரி கடைக்கு ஓட்டிப்போய், டாஷ்போர்டுக்கு அடியில் ஒயரைச் சீவி சைரன் மாட்டச் சொல்கிறோம்.

•

அலாரம் வேண்டாம் என்பதில்லை. கப்ளருக்குக் கப்ளர் செருகுகிற கிட்டாக இருக்கட்டும். ஒயரை வெட்டினால் வாரன்டி பேச்சு கஷ்டம். பேட்டரியிலிருந்து தனி லைன் எடுத்தால் ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வேண்டும். சைரன் பக்கம் வைத்தால், நடுவழியில் ஒயர் தகரத்தில் உரசி ஷார்ட் ஆகும்போது ஃப்யூஸுக்கு விஷயமே தெரியாது. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் கட்டாயம்.

•

மஞ்சள் கப்ளர் என்றால் ஏர்பேக். தொடக்கூடாது. ஸ்டியரிங்குக்குக் கீழே வேலை என்றால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் சும்மா இருக்கவேண்டும். கழற்றிய பிறகும் ஏர்பேக் யூனிட்டில் சார்ஜ் தங்கும். பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பால் ஒயர் தேடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பல்பு இழுக்கும் கரண்ட், கம்ப்யூட்டர் லைனுக்கு அதிகம். கையில் மல்டிமீட்டர் இருந்தால் ஆளைப் பாதி நம்பலாம்.

•

இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு: வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்குப் பழைய மோட்டார் டாரிஃப்படி சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், உச்சவரம்பு ரூ.500. இதை நம்பி யாரும் அலாரம் வாங்குவதில்லை.

•

ரிமோட் ஸ்டார்ட் குளிர்நாட்டுக்காரர்களின் சௌகரியம். இங்கே வேறு கணக்கு. மே மாதம், ஷிஃப்ட் முழுக்க கம்பெனி பார்க்கிங்கில் காய்ந்த வண்டி. உட்காருமுன் ஏசி ஓடியிருந்தால் சுகம்தான். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2019இல் வந்த வென்யூவில் ஹூண்டாயே இதைக் கொடுத்தது, ஆட்டோமேட்டிக் மாடலில். கியர் 'பி'யில் இருக்கிறதா என்று அந்த வண்டிக்குத் தெரியும்.

பல மேனுவல் வண்டிகளுக்குத் தெரியாது. முதல் கியரில் போட்டு நிறுத்துவது நம்மில் பலருக்குப் பழக்கம். அப்படி நிற்கும் வண்டியை ரிமோட்டில் உசுப்பினால் முன்னால் நிற்பவர் மேல் பாயும். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற காவலையும் சில இடங்களில் "பைபாஸ்" பண்ணித் தருகிறார்கள். இது கொலைபாதக வேலை. ஒழுங்கான கிட் என்றால், இன்ஜின் ஓடும்போதே ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் விட்டு, இறங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் அணையும். நடுவில் கதவு திறந்தால் அடுத்த ரிமோட் ஸ்டார்ட் ரத்து. பானெட் திறந்தாலும் பிரேக் மிதித்தாலும் இன்ஜின் நிற்கவேண்டும். இவற்றைக் கடையிலேயே ஒவ்வொன்றாகச் செய்துபார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கவேண்டும். என் கட்சி: மேனுவலில் இதை வெளியில் மாட்டவே வேண்டாம்.

•

இன்னொரு கூத்து. சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். ஆள் இல்லாமல் ஓடவைக்க, ஸ்பேர் சாவியின் சிப்பையே டாஷ்போர்டுக்குள் ஒளித்துவைக்கிற கடைகள் உண்டு. அலாரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

•

மூடிய ஷெட்டில் ரிமோட் ஸ்டார்ட் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

•

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 126: பொது இடத்தில் நிற்கும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருக்கவேண்டும்; இல்லையென்றால் இன்ஜினை அணைத்து, தானாக நகராதபடி பிரேக் போட்டிருக்கவேண்டும். சுங்குவார்சத்திரம் டீக்கடையில் நின்றபடி ரோட்டோர வண்டியை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்து காட்டுகிறவருக்கும் இது பொருந்தும்.