தட்டட்டியில் விரித்த வேட்டி

அத்தை பரணில் பழைய வேட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டால் எங்கள் வீட்டில் கோடை லீவு வந்துவிட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூடம் பூட்டுவதெல்லாம் அப்புறம். 2024-இல் அந்தத் தேடல் ஏப்ரல் கடைசியில் நடந்தது. நான் ஆசிரியை. 19-ஆம் தேதி வாக்குச்சாவடிப் பணி, அதன்பின் விடைத்தாள் கட்டுகள் என்று அலைந்து வீட்டில் வந்து உட்காருவதற்குள், "எம்மா, ஒங்க மாமா வேட்டி நஞ்சது ஒண்ணு இருந்துதே, அது எங்க?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. மாமா போய் அப்போது ஆறு வருஷம். அவர் வேட்டிகள் இன்னமும் வருஷத்துக்கு ஒருமுறை தட்டட்டியில் வெயில் காய்கின்றன. கடையில் விற்கும் பிளாஸ்டிக் தாளில் ஊற்றினால் வத்தல் தன்னாலே உரிந்து வரும், இவ்வளவு பாடு இல்லை. ஆனால் அத்தை அதை வத்தல் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

மொட்டைமாடியை எங்கள் ஊர்ப் பக்கம் தட்டட்டி என்போம். கூழ்வத்தல் போடுகிற நாளில் விடிகாலை நாலு மணிக்கே வீடு எழுந்துவிடும். முதல்நாள் ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவு. பெரிய குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்பும், அரைத்த பச்சை மிளகாயும், பெருங்காயமும் போட்டு, மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்ட வேண்டும். கை விடக் கூடாது, விட்டால் அடிப்பிடிக்கும். கூழ் வெந்ததா என்று பார்க்க அத்தை கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மேலே ஒரு தட்டுத் தட்டுவாள். ஒட்டாமல் இருந்தால் பதம். சூடு கொஞ்சம் தணிந்ததும் சீரகமும் எலுமிச்சைச் சாறும். இத்தனைக்கும் அடுப்படியில் நிற்பவர்கள் அத்தையும் நானும்தான். லீவு பிள்ளைகளுக்குத்தான், அடுப்புக்கு யார் லீவு விட்டார்கள்?

வெயில் ஏறுவதற்குள் நனைத்துப் பிழிந்த வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிடுவோம். ஆளுக்கொரு கரண்டி. பெரியவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நோட்டில் கோடு போட்டது போல வரிசை பிசகாமல், பத்து ரூபாய்க் காசு அளவுக்கு, வட்டம் வட்டமாக ஊற்றிக்கொண்டு போவாள். எட்டு வயதுக்காரன் ஊற்றினதில் ஒன்று இலங்கை, ஒன்று வாத்து, ஒன்று எங்கள் தெரு நாய். "எம்மா, இவன் எடத்த எல்லாம் வீணாக்குதான்" என்று அக்காக்காரி புகார் வைத்தாள். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எண்ணெயில போட்டா எல்லாம் ஒண்ணுதாம்ட்டி. ஊத்து."

இந்த வேலைக்குக் கூலி, குண்டானில் ஒட்டியிருக்கும் கூழ். கிண்ணத்தில் வழித்துப் போட்டு, நடுவில் குழித்து நல்லெண்ணெய் விட்டுக் கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் காக்கா காவல். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம் இரண்டு பேரும் அதற்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். நிழல் சுருங்கி ஒருவர் உட்காரும் அளவுக்கு வந்ததும் சண்டை வரும். பதினோரு மணிக்குமேல் தரையில் கால் வைக்க முடியாது. அதற்குப் பிறகு ஒரு கறுப்புக் குடையை விரித்துக் கட்டிவிட்டு இறங்கிவிடுவோம். குடைக்குக் காக்கை பயப்படும் என்பது அத்தையின் நம்பிக்கை. காக்கைகள் அந்தக் குடை நிழலில் உட்கார்ந்து ஓய்வெடுத்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உண்மையான சேதாரம் சாயங்காலம் தெரியும். பாதி காய்ந்த வத்தலுக்கு ஒரு ருசி உண்டு. ஓரம் மொறுமொறுப்பாக, நடு மட்டும் மெத்தென்று, உப்பும் உறைப்பும் நாக்கில் ஒட்டும். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது வரிசைக்கு நாலைந்து வெற்றிடம். "ஏல, காக்காவுக்குக் கை மொளச்சிட்டாக்கும்?" என்று அத்தை கேட்டாள். அவன் வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மிகவும் கவனமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் என்பது பாளையங்கோட்டையில் கதவைச் சாத்தி வைக்கும் பொழுது. மே 4 முதல் 28 வரை கத்திரி. தட்டட்டித் தொட்டித் தண்ணீரைக் குழாயில் திறந்தால் டீத்தூள் போடலாம். அதனால் குளியல் விடியலில் ஒன்று, ராத்திரி ஒன்று. மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் குடம் நிறைப்பது பிள்ளைகள் வேலை. பெரியவள் பிடிப்பாள், சின்னவன் சின்னக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பாதியைத் தார்சாவில் சிந்திக்கொண்டு போவான். அப்படி ஒரு காலையில்தான் குழாயைப் பார்த்தபடி கேட்டான்: "எம்மா, இது ஆத்துத் தண்ணியா? அந்த வெள்ளத்துல வந்த ஆறா?"

2023 டிசம்பர் 17, 18-ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரண்டு கரையையும் தாண்டி, ஜங்ஷன் பேருந்து நிலையத்தை மூழ்கடித்து, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தைச் சூழ்ந்துகொண்டது. எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் ஊர் முழுக்கத் தண்ணீராக இருந்த அந்த நாட்களில் குழாயில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. சின்னவன் அதையெல்லாம் செல்போனில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அதற்குப் பிறகு டவுனுக்குப் போகும் பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வான். தூங்குகிறான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொதிகையில் பிறந்து, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டாமலே புன்னைக்காயல் பக்கம் கடலில் சேருகிற ஆறு. ஏறத்தாழ 128 கிலோமீட்டர். அத்தனை நீளத்தில் ஒரு துண்டு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்துப் போகும் தூரத்தில் ஓடுகிறது. என் பிள்ளைகள் அதுவரை அதில் கால் நனைத்ததே இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை அதைத் தாண்டுவார்கள், அவ்வளவுதான். அத்தை சின்ன வயதில் ஆற்றுக்குக்கூடப் போக வேண்டியதில்லையாம். பழவூர் அணையிலிருந்து பிரிந்து வரும் பாளையங்கால்வாயிலேயே குளித்துத் துவைத்து ஈரச் சேலையோடு வீடு வந்துவிடுவார்களாம். இன்று அந்தக் கால்வாயின் ஓரம் நடக்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் ஆச்சி கதை விடுகிறாள் என்றுதான் நினைக்கிறார்கள்.

"குறுக்குத்துறைக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றார் என் வீட்டுக்காரர். இவர் நீச்சல் படித்தது அங்கேதான். கொக்கிரகுளம் பக்கம் சாக்கடை கலக்கிறது. அதனால் பாலத்துக்கு மேற்கே போவதுதான் நல்லது. மே முதல் வாரத்தில் ஒரு நாள், அஞ்சரை மணிக்கெல்லாம் படித்துறையில் இருந்தோம்.

கோடையில் ஆறு சாதுவாகிவிடும். அணையில் குடிநீருக்கென்று திறந்துவிடும் தண்ணீர், பாறையைச் சுற்றி, மணல் திட்டைச் சுற்றி, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் அளவு. பெரியவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். இவன் மேல்படியில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தான். கரையோர மரத்தில், எங்கள் எல்லோருக்கும் மேலே, ஒரு கிளை கவையில் காய்ந்த கோரையும் பிளாஸ்டிக்கும் ஒரு சேலைக் கிழிசலும் சிக்கியிருந்தன. பச்சைச் சேலை. ஐந்து மாத வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

"அவ்வளவு ஒசரமாப்பா வந்துது?"

"ஆமால."

அவன் மரத்தையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தான். பக்கத்தில் ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் முங்கிவிடும், உற்சவரை மட்டும் கரைமேல் இருக்கும் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று இவர் சொன்னார். "அப்ப உள்ள இருக்க சாமி?" என்றான். "அவரு அங்கனயேதான் நிப்பாரு." இவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "மூச்சு?" என்று கேட்டான். எங்களுக்குப் பக்கத்தில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "பேராண்டி, அவரு நம்மள மாதிரியா? வெள்ளம் வடிஞ்சா எல்லாத்தையும் கழுவி, வெளக்கப் பொருத்திருவாங்க. நூறு தடவ பாத்தவரு அவரு" என்றார்.

அதற்கப்புறம்தான் ஒரு படி இறங்கினான். பிறகு இன்னொன்று. கணுக்கால் நனைந்ததும் சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்த ஆரம்பித்தன. முதலில் ஒரு அலறல், பிறகு கூச்சம் தாங்காமல் ஒரு சிரிப்பு, பிறகு காலை ஆட்டாமல் அசையாமல் நின்றான். வீட்டில் ஒரு நிமிஷம் ஒரே இடத்தில் உட்காராத பையன் அரைமணி நேரம் அப்படியே நின்றான். முங்கிக் குளிக்கவெல்லாம் இல்லை. கணுக்காலோடு சரி. நாங்களும் இழுக்கவில்லை.

திரும்பும் வழியில் சைக்கிளில் பதநீர் வைத்திருந்தவரைப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். பனையோலைப் பட்டையில் நுங்கைப் போட்டு, மேலே பதநீர் ஊற்றித் தந்தார். கலயத்தில் தடவிய சுண்ணாம்பு வாசம் லேசாக இருந்தது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும் என்றதும், பெரியவள் "அப்ப நாம கள்ளுக்குக் கொஞ்சம் முன்னாடி குடிக்கோமா?" என்றாள். நுங்குக் கூடு இரண்டைக் கேட்டு வாங்கி வந்து, குச்சி செருகிக் கவட்டைக் கம்பால் தள்ளும் வண்டி செய்து கொடுத்தார் இவர். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் சுருங்கிச் சக்கரம் கோணிவிட்டது.

இடையில் பத்து நாள் காலை நேரங்களில் நான் நிம்மதியாக இருந்தேன் என்றால் அது வி.பி.எஸ். புண்ணியம். மே மாதம் பாளையங்கோட்டையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்காத சர்ச் இருக்காது. பக்கத்து வீட்டு மதினி பிள்ளைகளோடு எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் போவது வழக்கம். யாரும் யாரையும் என்ன சாமி என்று கேட்பதில்லை. 1826-இல் எழும்பிய ஊசிக்கோபுரக் கோயில் நிற்கிற ஊர் இது. அதற்கும் முந்தியது, 1785-இல் கிளாரிந்தா அம்மையார் கட்டிய சின்னக் கோயில். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை, கிறிஸ்தவரானவர். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மா கோயில் என்பார்கள். அத்தைக்குக் கோயிலைவிட அவர் ஊருக்கு வெட்டிக் கொடுத்த கிணறுதான் முக்கியம். "கோயில் யாரு வேணும்னாலும் கட்டலாம். தண்ணி குடுத்தவள்லா பெரிய மனுசி" என்பாள். வி.பி.எஸ். முடிந்த பிறகும் ஒரு வாரம் கையை ஆட்டிக் காலை ஆட்டிப் பாடும் பாட்டுகள் வீட்டில் ஓயவில்லை. அத்தையே ஒன்றுக்குக் கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மே பாதியில் குற்றாலம் போவதாக இருந்தோம். வழக்கமாகச் சாரல் ஜூனில்தான். அந்த வருஷம் கத்திரிக்குள்ளேயே மழை பிடித்துக்கொண்டது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று சேதி வந்ததும் பையில் துண்டு, எண்ணெய் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மே 17 பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். நெல்லையிலிருந்து போயிருந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் வெள்ளத்தோடு போய்விட்டான். அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். டிவியை அணைத்துவிட்டு நான் பையிலிருந்து துண்டுகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். சின்னவன் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தான்.

அதே வாரம்தான் இரண்டாவது ஈடு வத்தல் தட்டட்டியில் கிடந்தது. மூன்று மணிக்கு வானம் கறுத்து, நாங்கள் படியேறுவதற்குள் கொட்டிவிட்டது. நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்து வேட்டியைத் தூக்கினால் நடுவில் குளம். பட்டாசலில் விரித்து, ஃபேனைப் போட்டு, இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் புளித்த வாசம் வந்துவிட்டது. அத்தை ஒரு பக்கெட்டில் வழித்துப் போட்டுப் பின்தெரு மாட்டுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். நான் வருத்தப்பட்டதற்கு, "வத்தல் போட்டா மழ வரும்னு சொல்லுவாங்க. வந்துட்டுல்லா?" என்றாள்.

குற்றாலத்துக்குப் பதிலாக ஒரு சாயங்காலம் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்குப் போனோம். 1987-இல் திறந்தது. நான் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் வரிசை கட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். கையால் தொட்டு, சுற்றி, அழுத்திப் பார்க்கலாம் என்பதால் பிள்ளைகளுக்கு அலுக்காத இடம். வெளியே வந்தபோது சின்னவன், "பாலத்துல நடந்து போவோமா?" என்றான். பஸ்ஸில் இல்லை, நடந்து. சுலோசன முதலியார் பாலம். பதினோரு வளைவு. 1843-க்கு முன்னால் இங்கே பாலம் கிடையாது, பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் படகுதான், அதற்கு அடிதடி நடக்கும். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த முதலியார், யாரிடமும் வசூல் பண்ணாமல் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டினார் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கதை அவன் காதில் ஏறியதா தெரியவில்லை. கைப்பிடிச் சுவரில் கன்னத்தை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். மழையால் தண்ணீர் கூடிச் செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது.

"கலங்கலா இருக்கு" என்றான். "மீனுக்குக் கண்ணு தெரியாதுல்லா?"

ஜூன் 10 பள்ளிக்கூடம் திறந்தது. அன்றைக்குக் காலையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அத்தை வத்தல் பொரித்தாள். முதல் ஈட்டில் பிழைத்து டப்பாவுக்குள் போனவை. வட்டங்கள் எல்லாம் எண்ணெயில் விழுந்து இரண்டு பங்காக விரிந்து வந்தன. சின்னவன் சீருடையோடு அடுப்புப் பக்கம் நின்று, ஒவ்வொன்றாகத் தட்டில் புரட்டித் தேடினான்.

"என்னத்தல தேடுத? பஸ்ஸு வந்துரும்."

"எலங்கை."

அத்தை கரண்டியால் டப்பாவின் அடியில் துழாவி, ஓரம் உடைந்த ஒன்றை எடுத்து எண்ணெயில் போட்டாள். அது பொரிந்து, பொங்கி, இன்னதென்று சொல்ல முடியாத ஓர் உருவமாக மேலே வந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது நாயி" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.