திரையில் ஒரு புள்ளி

அகத்திணை பற்றிய ஆய்வேடு ஒன்றை மடிக்கணினியில் படித்துக்கொண்டிருந்தேன். தலைவன் தலைவியின் ‘கல்வி’ குறித்து ஒரு வாக்கியம். மாணவர் எழுத நினைத்தது ‘கலவி’யாகத்தான் இருக்கவேண்டும் என்று பக்கத்தைச் சற்றே உருட்டினேன். சொல் மேலே நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. மாணவர் சரியாகவே எழுதியிருந்தார். லகரத்தின் தலையில் புள்ளி வைத்தது என் திரை.

ஆங்கிலம் படிப்பவருக்கு இறந்துபோன ஒரு பிக்சல் வெறும் கண்ணுறுத்தல். நமக்கோ அது எழுத்து. ‘உலகு’ என்பதில் ஒரு புள்ளி விழுந்தால் ‘உல்கு’, அதாவது சுங்கவரி. வள்ளுவர் இரண்டு சொற்களையும் ஆண்டிருக்கிறார்.

மெய்யெழுத்து மட்டுமின்றி எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றது தொல்காப்பியம். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பதால் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். எரியா ஏரியா என்பதைப் படிப்பவரே இடமறிந்து முடிவு செய்யவேண்டும். இக்குழப்பம் தீர நெட்டெழுத்துக்குத் தனி வடிவம் தந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. இல்லாத புள்ளிகளைத் தேடினார். எனக்கு வாய்த்தது இருக்கக்கூடாத புள்ளி.

என் திரை 15.6 அங்குலம், 1366×768. ஏறத்தாழ பத்தரை லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூறுகள். முப்பத்தொரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூறுகளில் சில பழுதாவது இயற்கை என்று தொழிற்சாலைகள் கருதுகின்றன. 2001இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 13406-2 என்னும் தரவிதியின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் ஒளிரும் இரண்டையும் எப்போதும் இருண்ட இரண்டையும் பொறுத்துக்கொண்டது. 2008இல் அதன் இடத்துக்கு வந்த 9241 வரிசையிலும் வகுப்புகள் உண்டு. பழுதே கூடாது என்னும் வகுப்பும் இருக்கிறது. அதற்கு விலை வேறு.

சேலத்துப் பழுதுநீக்கு மையத்தில் இருந்த இளைஞர் இந்த விதியையெல்லாம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “ஒரு புள்ளிக்கெல்லாம் மாத்தித் தரமாட்டாங்க சார்.”

பிரிதிறனுக்கு வருகிறேன். அந்த அளவுத் திரையில் 1366×768 என்றால் ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டர். வழக்கமான எழுத்தளவில் புள்ளிக்குக் கிடைப்பது ஓரிரு பிக்சல்தான். ஆகவே பழுதான பிக்சலும் மெய்ப்புள்ளியும் ஏறக்குறைய ஒரே பருமன். ணகரத்தின் சுழிகளும் அப்பிக்கொள்ளும். 1920×1080இல் பிக்சல் 0.18 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. எழுத்தளவை 125 விழுக்காடு ஆக்கினால் புள்ளி உருண்டையாகத் தெரியும், பழுது அதனருகே பொடியாகிவிடும். நாற்பதைக் கடந்த நண்பர்கள் பலர் எழுத்து பெரிதாக வேண்டும் என்று பிரிதிறனையே குறைத்து வைத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். திரையின் பிக்சல்களோடு படம் பொருந்தாமல் போய், புள்ளி இரண்டு மூன்று பிக்சல்களில் சாம்பல் நிறமாகக் கரைகிறது. கண் கெடுகிறது என்பார்கள். தமிழ் கெடுகிறது என்பது என் கட்சி.

2011 முதல் அரசு நம் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் இதே 1366×768தான். திரை பதினான்கு அங்குலம் என்பதால் சற்றே தெளிவு. எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் முதல் கணினி அதுதான். அதைப் பழித்துப் பேச எனக்கு மனமில்லை.

சென்ற மாதம் நாமக்கல்லில் ஒரு மாணவிக்கு மடிக்கணினி வாங்க உடன் போனேன். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெற்றுப் படங்களைப் பென்டிரைவில் கொண்டுபோய் முழுத்திரையில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, “இதுல ஒண்ணுமே இல்லீங்களே சார்” என்றார். முதலில் பிரித்த பெட்டியில் இடதுமூலையில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. இரண்டாவது பெட்டியை முகஞ்சுளிக்காமல் பிரித்துக் காட்டினார். 1920×1080. அதையே வாங்கினோம்.