ஒண்டுக் குடித்தனம்

என் மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டர் குடியிருக்கிறது என்று சொன்னால், கதாசிரியன் கதை அளக்கிறான் என்றுதான் நேயர்கள் நினைப்பார்கள். ஆனால் இது கதையல்ல. மெய்நிகர் இயந்திரம் என்று இதற்குப் பெயர். 1960-களின் நடுவிலேயே அமெரிக்காவில், கேம்பிரிட்ஜ் நகரத்தில், ஐ.பி.எம். நிபுணர்கள் இந்த வித்தையைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பெரிய இயந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில், ஒவ்வொருவரும் அது முழுக்கத் தமக்கே சொந்தம் என்ற நினைப்பில் உபயோகிக்கலாம். 1999-இல் வி.எம்.வேர் கம்பெனியின் மென்பொருள் அதைச் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டு வந்தது. திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வீடு, ஒரே கிணறு. கதவைச் சாத்திக்கொண்டால் அவரவர் தனி ராஜா!

எனக்கு எதற்கு இந்தக் குடித்தனம்? 2003-இல் என் தாயார் தம்முடைய இளம்பிராயத்துச் சமாசாரங்களைச் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்து வைத்தேன். விண்டோஸ் 98-இல் ஓடிய ஒரு தமிழ்ச் செயலி அது. அதன் எழுத்து முறை இன்றைய யூனிகோடு அல்ல. புதிய இயந்திரத்தில் அந்தக் கோப்பைத் திறந்தால், மையில் விழுந்த எறும்பு காகிதத்தில் ஓடியதுபோல் இருக்கும். அம்மா இன்று இல்லை. அவள் சொன்ன 112 பக்கம் மட்டும் இருக்கிறது. ஆகவே என் தமக்கை மகன், லினக்ஸ் ஓடும் என் கம்ப்யூட்டருக்குள் அந்தப் பழைய விண்டோஸையே குடிவைத்தான்.

குடிவந்தவனின் சொத்து முழுவதும் ஒரே ஒரு பெரிய கோப்பு. அதை என் சொந்தக் கோப்புறையில் வைத்துத் தொடங்கினால், ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. என் வீடு, என் பெட்டி, எனக்கே அனுமதி இல்லையா?

விஷயம் இதுதான். லினக்ஸில் இந்தக் குடித்தனங்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் என்ற மென்பொருள், இயந்திரத்தை என் பெயரில் ஓட்டுவதில்லை. அதிகாரம் குறைந்த ஒரு காரியஸ்தனை நியமித்து, அவன் பெயரில் ஓட்டுகிறது. கோப்பின் சாவியை அதுவே அவனிடம் கொடுத்துவிடும். ஆனால் கோப்பு இருக்கும் அறைக்குப் போக அவன் என் வீட்டு ரேழியைத் தாண்ட வேண்டுமே! அதற்குத்தான் அனுமதி இல்லை.

“மாமா, ஒரே கட்டளை. 777 போட்டுவிட்டால் தீர்ந்தது” என்றான் பையன்.

உடையவன், அவன் குழு, மற்றவர் என்று மூன்று வகையார். படிக்க 4, எழுத 2, கடந்து போக 1, கூட்டினால் 7. மூன்று வகையாருக்கும் ஏழு என்றால் எல்லாருக்கும் எல்லாம்!

“ஒருத்தன் உள்ளே போக ஊருக்கே கதவைத் திறப்பானேன்? குடிவந்தவன் கெட்டுப் போனால் என் மற்றப் பெட்டிகள் என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

அவன் சற்று யோசித்தான். பிறகு அந்தக் காரியஸ்தனுக்கு மட்டும், கடந்து போகும் உரிமை மட்டும் கொடுத்தான். ரேழி வழியே நடக்கலாம். அறையில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது. கதவு திறந்தது.

அடுத்தது கேஷ். ரொக்கம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். வட்டில் எழுதுவது மெதுவான காரியம். ஆகையால் கணக்குப்பிள்ளை முதலில் சிலேட்டில் குறித்துக்கொண்டு, “எழுதியாயிற்று” என்று சொல்லிவிடுகிறான். பேரேட்டில் ஏற்றுவது பிறகுதான். ‘ரைட்பேக்’ என்று அந்த முறைக்குப் பெயர். புதிய காலத்து இயந்திரங்களுக்கு அவன் குணம் தெரியும். முக்கியமான இடத்தில், “பேரேட்டில் ஏற்று” என்று அவை வற்புறுத்திக் கேட்கும், அவனும் ஏற்றுவான். பழைய இயந்திரத்துக்கு அப்படிக் கேட்கத் தெரியாமல் போகலாம். ‘எழுதியாயிற்று’ என்றால் அது நம்பிவிடும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் சிலேட் அழிந்தது. அம்மாவின் வார்த்தையும் அழிந்தது. கேட்டாலும் ஏற்றாத இன்னொரு முறையும் உண்டு. அதற்கு ‘அன்சேஃப்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், யோக்கியர்கள்! நாங்கள் ‘ரைட்த்ரூ’வைத் தேர்ந்தெடுத்தோம். பேரேட்டில் ஏறிய பிறகுதான் ‘ஆயிற்று’ என்ற சொல் வரும். வேகம் குறைவுதான். ஆனால் அம்மாவும் அப்படி ஒன்றும் அவசரமாகப் பேசுகிறவள் அல்ல.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், இடி இடித்து விளக்கணைந்தது. பத்து நிமிஷம் முன்புதான் பதினேழாம் பக்கத்தில் விட்டுப்போன ஓர் ஊரின் பெயரைச் சேர்த்துச் சேமித்திருந்தேன். மின்சாரம் வந்ததும் பழைய விண்டோஸ் நீலத்திரை போட்டு, வட்டைச் சோதித்துவிட்டு, சாவகாசமாக எழுந்தது. பதினேழாம் பக்கத்தைத் திறந்தேன். ஊர் அங்கே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பக்கங்களைப் புதிய எழுத்தில் பெயர்த்து எழுதுகிறேன். முடிந்ததும் குடித்தனக்காரனை முறைப்படி அணைத்து, அதன் பிறகே கோப்பை நகல் எடுக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பாதி சிலேட்டும் பாதி பேரேடுமாகப் போய்விடும். இதுவரை 31 பக்கம் ஆயிற்று. இன்னும் 81 பக்கம் அம்மா பேச வேண்டியிருக்கிறது.