பந்தும் பிழைப்பும்

கால்பந்தாட்டத்தில் ஜீவனம் நடக்குமா என்று கேட்போருக்குக் கடலூர் இந்துமதி கதிரேசனைச் சுட்டிக் காட்டுவது நமது வழக்கம். கடலூர் நமக்கு அந்நியமன்று; 1993-க்கு முன் அதுவும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு ஜில்லா அல்லவா?

1994-ல் பிறந்த இந்துமதி தேசிய அணியில் இடம் பெற்றார். மதுரை சேது அணிக்காகவும் ஆடினார். 2021-ல் பிரேஸிலையும் எதிர்த்து நின்றார். ஆயினும் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகமும் ஏற்றார். காரணம் இல்லாமலில்லை. 2019-ல் சேது அணி வென்ற இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்று முழுவதும் லூதியானாவில் மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. ஒரு மாத ஆட்டம் பன்னிரண்டு மாதத்துக்கு அரிசி வாங்குமா? சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கோ பட்டப்படிப்பு வேண்டும்.

கல்வராயன் மலையிலிருந்து வந்து நம்மிடம் படிக்கும் பெண்ணொருத்தி வெறுங்காலுடன் ஓடினாலும் பந்து அவளை விட்டு அகலாது. பத்தாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட எண்ணிய தகப்பனார், "பந்து சோறு போடுமா, வாத்தியாரையா?" என்றார். பொய் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

"பந்து மட்டும் போடாது, படிப்பும் சேர்ந்தால் போடும்" என்றோம்.

சற்று யோசித்து, "இன்னும் இரண்டு வருஷம் படிக்கட்டும்" என்றார்.

ஆட்டத்தால் ஒரு பெண்ணின் படிப்பு நீடிக்குமானால், அதை வீண்பொழுது என்று யார் சொல்வார்?